பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லக் கட்டணம் எதற்கு?

கேள்வி: ரொறொன்ரோவில் வளரும் என் பேரனுக்கு 13 வயது, பேத்திக்கு 8 வயது. நான் தமிழில் கேட்பது இருவருக்கும் விளங்குகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. நாட்டார் கதைகள் மூலம் தமிழ் படிப்பிப்பதாகச் சொல்லும் இணையவழி வகுப்பு ஒன்றுக்கு முகவர் ஒருவர் முற்பணம் கேட்கிறார். கட்டலாமா? (ஓர் அப்பம்மா, சுன்னாகம்)

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. இவ்வாறான வகுப்புகளில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை இலவசக் காணொளிகளையும் கடைசியில் ஒரு சான்றிதழையும் விற்பவையே. பணம் கேட்பவரிடம், ஒரு வகுப்பை முதலில் பார்க்க விடும்படி கேளுங்கள். அதில் பிள்ளை வாய் திறந்து பேசும் நேரம் எவ்வளவு என்று கவனித்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். சான்றிதழுக்கும் பேச்சுப்போட்டிக்கும் பிள்ளைகளை மனனம் செய்விக்கும் வழக்கத்தை நம்மவர்கள் எப்போது கைவிடப்போகிறார்களோ தெரியவில்லை. பத்துக் குறள் ஒப்புவிக்கும் பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் தண்ணீரைத் தமிழில் கேட்கத் தெரியாது.

பேத்திக்குக் காகம் வடை திருடிய கதையே போதும். ஒரே கதையைப் பல நாள் சொல்லுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லையும் அவள் ஊகித்துக்கொள்வாள். நரி பேசும் இடத்தில் நிறுத்தினால் அந்த வரியை அவளே சொல்வாள். பிழையாகச் சொன்னால் திருத்தாமல், சரியான வசனத்தை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். புத்தகத் தமிழ் வேண்டாம், நீங்கள் வீட்டில் கதைக்கிற தமிழிலேயே சொல்லுங்கள்.

பேரனுக்கு அந்தக் கதை சிறுபிள்ளைத்தனமாகப் படும். அவனுக்கு யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணற்றின் கதையைக் கொடுங்கள். வானரப் படையின் தாகம் தீர்க்க இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்றும், அதில் போட்ட எலுமிச்சம்பழம் தொலைவில் கடலோரத்தில் உள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் ஊரார் சொல்வார்கள். நம்புகிறாயா என்று கேளுங்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும், குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதையும் சொன்னால் அவன் தர்க்கம் செய்யத் தொடங்குவான். ஏன், எப்படி என்று கேட்பதற்கு அவனுக்கு அப்போது தமிழ் தேவைப்படும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உச்சரிப்பைக் கேட்டு உறவினர் சிரித்ததால் வாய் மூடிக்கொண்ட பிள்ளைகள் பலர். பேரன் அப்படியானவன் என்றால் நேரில் பேசும்படி வற்புறுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் பதில் வந்தாலும் கதையை நிறுத்தாதீர்கள். கதையின் ஒரு பகுதியை வட்ஸ்அப்பில் குரற்பதிவாக அனுப்பி, மிச்சத்தைப் பதிவுசெய்து அனுப்பும்படி அவனிடம் சொல்லுங்கள். பிடிக்காததை அழித்துவிட்டு, மனம் நிறைந்ததை மட்டும் அவன் அனுப்பலாம். அந்தப் பதிவை இன்னொருவருக்குப் போட்டுக் காட்டாதீர்கள். மகனிடமும் மருமகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.