குழந்தைப்பேறு: இந்த வாரக் கடிதங்கள்

காட்பாடி வாசகி: எனக்கு 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது. 14ஆம் நாள் சேர்ந்தால் போதுமா?

போதாது. 14ஆம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்கு. அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால்தான் முட்டை வெளிவரும். உங்களுக்கு அது 21ஆம் நாள் வாக்கில். முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள். விந்தணு 5 நாள் வரை தாங்கும். ஆகவே 15ஆம் நாளில் தொடங்கி 22 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள்.

ஆரணி வாசகர்: குழந்தை தங்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடலாம்?

மனைவியின் வயது இல்லை, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்த மாத்திரையைச் சொல்வது? வயதை எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். மனைவிக்கு 35 ஆகவில்லை என்றால் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். 35 தாண்டியிருந்தால் 6 மாதத்தில் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சோளிங்கர் வாசகி: ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வாய்ப்பு வீணா?

ஒரு மாதம்தானே, கவலை வேண்டாம். அந்த மாதத்தில் ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்துவிடுங்கள். தினம் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்கு ஒரு மாதமாவது முன்னால்.

ஆம்பூர் வாசகி: வயது 29. நான்கு வருடமாகிறது. இரண்டு முறை டியூப் டெஸ்ட் (கருக்குழாய் அடைப்புப் பார்ப்பது), ஒரு லேப்பராஸ்கோப்பி, எல்லாம் நார்மல். கணவர் தோல் தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறார். அவருக்கு டெஸ்ட் எடுக்கவில்லை. 'என் பையனுக்கு என்ன குறை?' என்கிறார் மாமியார்.

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு மனசே ஆறவில்லை. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் லேப்பராஸ்கோப்பி உங்களுக்கு முடிந்துவிட்டது. ஊசிகூடக் குத்தாத விந்தணு டெஸ்ட் அவருக்கு இன்னும் ஆகவில்லை. முதல் வாரமே நடந்திருக்க வேண்டியது அது. இனி அவர் ரிப்போர்ட் வராமல் நீங்கள் எந்த டெஸ்டுக்கும் போகாதீர்கள். வேலூரில் லேபுக்கா பஞ்சம்? 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டுச் சாம்பிள் கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் லேபில் சேர்க்க வேண்டும். ஒரு மில்லியில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தால் எண்ணிக்கை சரி. அசைவையும் வடிவத்தையும் தனியாகப் பார்ப்பார்கள். குறைந்தால் பயப்படாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். பாய்லர் சூடு, பீடி, ஹான்ஸ் புகையிலை எல்லாமே விந்தணுவைக் குறைக்கும். புது விந்தணு உருவாக இரண்டரை, மூன்று மாதம் பிடிக்கும். இன்று பீடியை விட்டால் பலன் அப்புறம்தான் தெரியும். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், கணவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

குடியாத்தம் வாசகி: சேர்ந்த பிறகு காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டுமா?

வேண்டாம்.

வாலாஜா வாசகி: நீர்க்கட்டி இருக்கிறது, எடை 80 கிலோ, வயது 26.

வயதை எழுதியதற்கு நன்றி. 4 முதல் 8 கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. தைராய்டு, சர்க்கரை இரண்டும் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் மறக்காதீர்கள். கணவருக்கும் டெஸ்ட்.

ராணிப்பேட்டை வாசகர்: ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஆண்மைக்கு நல்லதுதானே?

விந்தணு உற்பத்தியையே அது நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம்; ஊசியை விட்ட பிறகும் திரும்பி வர 6 மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். என்ன ஊசி, எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.