திரையரங்குக்குப் போகாமல் வீட்டிலேயே பார்த்த தமிழ்ப் படங்களில் உங்களைக் கவர்ந்தவை எவை, வீட்டில் பார்த்ததால் குறைந்துபோனவை எவை?

‘சின்னப் படங்களை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், பெரிய படங்களுக்கு மட்டும் திரையரங்குக்குப் போனால் போதும்’ என்ற எண்ணம் இப்போது ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாகப் படம் பார்த்து வரும் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு படம் வீட்டுத் திரைக்கு ஏற்றதா என்பதை அதன் செலவோ நடிகரின் பெயரோ முடிவு செய்வதில்லை. பேச்சையும் முகங்களையும் நம்பி எடுக்கப்பட்ட படங்கள் வீட்டில் நன்றாகவே நிற்கின்றன. நிலத்தையும் மௌனத்தையும் நம்பி எடுக்கப்பட்டவை, எவ்வளவு எளிய படங்களாக இருந்தாலும், வரவேற்பறைக்குள் வந்ததும் மெலிந்துவிடுகின்றன. தங்கள் கேள்விக்கான என் பதில் முழுவதும் இந்த ஒரு எண்ணத்திலிருந்தே வருகிறது.

வீட்டில் பார்த்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த படம் 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில், ஜப்பானியர் குண்டு வீசிய இரவுக்கு மறுநாள் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அவனைச் சுற்றி வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, ஒரே மனிதனின் வெவ்வேறு முகங்கள் நம் முன் வந்து நிற்கின்றன. ‘பராசக்தி’ வெளியாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், நாடே கொண்டாடத் தொடங்கியிருந்த சிவாஜி கணேசன் இப்படி முதல் காட்சியிலேயே செத்து விழும் ஒரு வேடத்தை ஏற்றது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. திரைக்கதை, வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். அவருடைய குரலில் எப்போதும் ஒரு மரியாதையும், அதற்குள் மறைந்த பிடிவாதமும் இருக்கும். வீட்டின் அமைதியில், நெருக்கமாக அமர்ந்து கேட்கும்போது அந்தப் பிடிவாதம் கூடுதலாகவே தெரிகிறது.

இந்தப் படம் வீட்டில் எடுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான காட்சிகள் வீடுகளின் உள்ளேதான் நடக்கின்றன. மாருதி ராவின் ஒளிப்பதிவில் சுவர்களில் விழும் நிழல்களும், பாதி இருளில் இருக்கும் முகங்களும், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும் ஒரு சிறிய அறைக்கு மிகவும் பொருந்துகின்றன. கதை துப்பறியும் கதை என்பதால், ‘இவர் சற்று முன் வேறு மாதிரியல்லவா சொன்னார்’ என்று சந்தேகம் எழுந்தால் பின்னால் போய்ச் சரிபார்க்கவும் முடிகிறது. பொதுவாகப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை. இந்த ஒரு படத்துக்கு மட்டும் அது இரண்டாம் முறை பார்க்கும்போது தனி இன்பமாக அமைகிறது.

அடுத்ததாகப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா என்ற பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டத் துணிகிறாள். கடன், சிமெண்டு, ஒப்பந்தக்காரர், அரசு அலுவலகம் என்று ஒவ்வொரு படியிலும் அவள் படும் பாடுதான் கதை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன. ஆனாலும் எனக்கு இந்தப் படம் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர்தான். முடிந்தும் முடியாமலும் நிற்கும் அந்த வீட்டை அவர் தனியாகப் போய்ப் பார்க்கிறார். சுவரைத் தடவுகிறார், அறை அறையாக நடக்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும் உடன் வருகிறது. மௌனத்தை நம்பிய படங்கள் வீட்டில் மெலிந்துவிடும் என்று மேலே சொன்னேன். இந்தக் காட்சி மட்டும் அதற்கு உட்படவில்லை. நாம் இருக்கும் இடமும் நான்கு சுவர்தான் என்பதால், அவர் கை படும் சுவர் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. சொந்த வீடு கட்டியவர்களோ, கட்ட முயன்று பாதியில் நின்றவர்களோ இந்தப் படத்தை உடன் இருந்து பார்த்தால், படம் முடிந்தபின் வெகு நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். கம்பி விலையில் தொடங்கி, கையெழுத்துக்காக நடந்த நடை வரைக்கும் அவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். அந்தப் பேச்சையும் நான் படத்தின் பகுதியாகவே கருதுகிறேன்.

நேரடியாக வீட்டுக்கே வந்த படங்களில் மடோன் அஷ்வினின் ‘மண்டேலா’ எனக்கு மிகவும் பிடித்தது. 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இரண்டு சாதிக் கூட்டமாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், யாரும் மனிதனாகவே மதிக்காத ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை ஓட்டு வெற்றியைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாதவன் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போய், அங்கு வேலை பார்க்கும் பெண்ணின் துணையால் நெல்சன் மண்டேலா ஆகிறான். யோகி பாபு இந்த வேடத்தில் தம் வழக்கமான எதிர்ப்பேச்சு நகைச்சுவையை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டு, அடங்கிய பார்வையாலேயே நடித்திருப்பதை அருகிலிருந்து காண முடிவது வீட்டுத் திரையின் நன்மை. ஓட்டுக் கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துபோன அதே வாரத்தில், அதே வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்த படம் என்பதால், அதன் ஒவ்வொரு காட்சியும் உறைத்தது. 2021 நவம்பரில் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் நீதிமன்றக் காட்சிகளும் இவ்வாறே பேச்சின் வலிமையால் வீட்டில் நிற்பவை. அதில் செங்கேணியாக வரும் லிஜோமோல் ஜோஸின் முகத்தை எந்த அளவுத் திரையில் பார்த்தாலும் மறக்க முடியாது.

இனி, குறைந்துபோனவை. முதலில் சொல்ல வேண்டியது லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான்; வாங்கிய நிலமும் கைவிட்டுப் போகிறது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் அந்த மலையே படத்தின் முதன்மைப் பாத்திரம். இறுதிக் காட்சியில், ஒரு காலத்தில் தனக்கே சொந்தமாக இருந்த நிலத்தில் ரங்கசாமி காவல்காரனாக உட்கார்ந்திருக்க, காமிரா அவனை விட்டு விலகி மேலே மேலே போகப் போக, அடிவாரம் முழுவதும் காற்றாலைகள் நிறைந்து நிற்பது தெரியவருகிறது. ஒரு மனிதன் எவ்வளவு சிறியவனாக ஆக்கப்பட்டான் என்பதை அந்த அளவு மாற்றத்தால்தான் இயக்குநர் சொல்கிறார். தொலைக்காட்சியில் அந்த மனிதன் தொடக்கத்திலேயே சிறியவனாக இருக்கிறான்; பிறகு புள்ளியாகிறான்; அவ்வளவுதான். நடிகர் பெயரை வைத்துப் பார்த்தால் இது ‘சின்னப் படம்’. பார்க்க வேண்டிய திரையை வைத்துப் பார்த்தால் இதைவிடப் பெரிய படம் அந்த ஆண்டில் வரவில்லை என்பேன்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படமும் அப்படியே. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்று, ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம். நம்மில் பெரும்பாலோர்க்கு 2023 இறுதியில் இணையத் தளத்தில்தான் பார்க்கக் கிடைத்தது. கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியை அழைத்துவர, குடிகாரத் தந்தை மகனைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும்போது மகன் பணத்தைக் கிழித்துப் போட்டுவிட, வறண்ட காட்டு வழியே இருவரும் வெயிலில் நடந்தே வீடு திரும்புகிறார்கள். அந்த வெயிலையும் தாகத்தையும் நாமும் அனுபவிக்க வேண்டும் என்பதற்காகவே காட்சிகள் நீண்டு போகின்றன. வீட்டில் மின்விசிறி தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, கைபேசி ஒளிர்கிறது. படம் ஒன்றே கால் மணி நேரம்தான். அந்த ஒன்றே கால் மணி நேரமும் எழுந்திருக்காமல் பார்க்கக்கூடியவர்களுக்கு மட்டும், ஊற்றில் தண்ணீர் சுரப்பதற்காகக் காத்திருந்து அள்ளும் அந்தக் கடைசிக் காட்சி முழுமையாகச் சென்று சேரும். பிற்பகல் வெயிலில், விசிறியை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். தங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வேறு வகையான இழப்பு. 2021 ஜூலையில் நேரடியாக இணையத்தில் வெளியானது. 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டை உலகம், நெருக்கடி நிலைக் காலத்து அரசியல், பசுபதியின் ரங்கன் வாத்தியார், ஷபீரின் டான்சிங் ரோஸ் என்று குறை சொல்ல இடமில்லாத படைப்பு. ரோஸ் மேடைக்குள் கால் வைத்து ஆடத் தொடங்கும்போது திரைக்குள்ளே ஒரு பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த ஆரவாரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்ல இன்னொரு கூட்டம் இருந்திருக்க வேண்டும். கொரோனாக் காலம் அதற்கு இடம் தரவில்லை. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பாக வீடுகளுக்கு டி.டி.எச். வழியே தர கமல்ஹாசன் முயன்றபோதும், 2020 மே மாதத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக இணையத்துக்கு வந்தபோதும் திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய கவலை வருமானத்தைப் பற்றியது. ரசிகனாக எனக்கு இருந்த வருத்தம் வேறு: சார்பட்டாவைக் கூட்டத்தோடு பார்க்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே கிடைக்காமல் போயிற்று.

கூட்டம் என்றதும், குடும்பமாக அமர்ந்து பார்ப்பதற்கு ஏற்ற படம் எது என்று கேட்டால் தயங்காமல் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்பேன். கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கியது. அதில் சிவாஜியின் விரல்களும் கன்னமும் வாசிக்க, உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். நாகேஷின் வைத்தி பேசும் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே சொல்லிவிடும் பெரியவர் ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். வேறு படங்களில் அது இடையூறு. இந்தப் படத்தில் கச்சேரியில் தாளம் போடுபவரைப் போல அவரும் வேண்டியவராகிவிடுகிறார்.

வீட்டில் பார்ப்பவர்கள் தொலைக்காட்சியின் அமைப்புகளைச் சரிசெய்யாமல் பார்ப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) படமாக்கப்படுவது. இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில், அசைவை மென்மையாக்கும் வசதி வாங்கும்போதே இயக்கப்பட்டிருக்கும். அது இரண்டு சட்டங்களுக்கு நடுவே செயற்கையான சட்டங்களைத் தானே உருவாக்கிச் செருகுவதால், எந்தப் படமும் மதிய நேரத் தொடர் போலத் தோன்றும். அதை அணைத்துவிட வேண்டும். பழைய படங்களின் சட்டம் ஏறக்குறைய அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற அளவில் இருக்கும். திரை நிரம்ப வேண்டும் என்று இழுத்துவிட்டால் பத்மினியின் முகமும் சாவித்திரியின் முகமும் அகன்றுபோகும். 1973இல் வந்த தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ தொடங்கி, அகலத் திரைப் படங்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதே முறை. வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் காதைக் கிழிக்கிறது என்று பலர் சொல்வதற்கும் காரணம் உண்டு: பல ஒலிபெருக்கிகளுக்காகப் பிரித்துச் சேர்க்கப்பட்ட ஒலியைத் தொலைக்காட்சியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் ஒன்றாக அழுத்தித் தருவதால், நடுவிலிருந்து வரவேண்டிய பேச்சு அமுங்கிவிடுகிறது. ஒலித் தெரிவில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெருமளவு சரியாகிவிடும்.

இந்தப் படங்களுள் பழையவற்றைத் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘வீடு’ உட்படத் தம் படங்கள் சிலவற்றின் நெகடிவ்கள் (மூலப் படச்சுருள்கள்) அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா வெளிப்படையாகச் சொல்லி வருந்தினார்; தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் மறையும் காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே இணையத்தில் கிடைக்கும் பிரதி மங்கலாகவும் கீறல்களோடும் இருந்தால் அதற்காகப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். கிடைப்பவற்றுள் ஓரங்கள் வெட்டப்படாத, நீளம் குறைக்கப்படாத பிரதியைத் தேர்ந்தெடுத்து, ‘அந்த நாள்’ படத்தில் தொடங்கி, அதன்பின் ‘வீடு’ பாருங்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைத் திரைப்படச் சங்கம் ஏதேனும் உங்கள் ஊரில் பெரிய திரையில் காட்டினால், வீட்டில் ஏற்கனவே பார்த்திருந்தாலும் அவசியம் போய்ப் பாருங்கள்.