மருந்து எடுத்தும் மூச்சு வாங்குகிறதா? கேட்டவர்களுக்குப் பதில்

பினாங்கில் நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மூச்சு வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். திடீர்த் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பூப்பது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 999 அழையுங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்). பம்ப் (வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர்) தவறாம எடுக்கிறார். டாக்டர் "பரவாயில்லை, அப்படியேதான் இருக்கு" என்கிறார். ஆனா குளிச்சிட்டு வந்தாலே ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருக்கு. மிகைப்படுத்துறாரா?

பதில்: இல்லை தம்பி. ஊதிப் பார்க்கும் சோதனையில் வரும் எண்ணும் மனிதர் படும் பாடும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நோய்க்கு முறையாக மருந்து கொடுத்த பிறகும் மூச்சுவாங்கல் ஆளை முடக்கினால் அதையே தனியாகக் கவனிக்க வேண்டும் என்று 2017-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து சொன்னார்கள்.

நம் ஆட்களிடம் வேறொரு சிக்கல். "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லையே" என்பார்கள். பொய்யும் இல்லை. மூச்சு வாங்கும் வேலையை எல்லாம் எப்போதோ விட்டிருப்பார்கள். சந்தைக்குப் போவது நின்றிருக்கும், வெள்ளிக்கிழமை கோயில் நின்றிருக்கும், மாடியில் படுத்தவர் ஹாலுக்கு வந்திருப்பார். அடுத்த முறை அப்பா விட்டுவிட்ட வேலைகளை வரிசையாகச் சொல்லுங்கள். பம்பையும் கொண்டுபோய் டாக்டர் எதிரிலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பலருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.

குளியலுக்கு: பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே குளிக்கட்டும். துவட்டும்போதுதான் கை தூக்கித் தூக்கி மூச்சு போகும். பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஆக்சிஜன் மெஷின் வாங்கிக் கொடுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அம்மாவுக்கு விரல்ல கருவி மாட்டிப் பார்த்தா ரத்தத்துல ஆக்சிஜன் 94 சதவீதம்னு காட்டுது. வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அக்கா. ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே ரொம்பக் குறைந்த சிஓபிடி நோயாளிகளுக்கு, நாளுக்கு 15 மணி நேரமாவது கொடுத்தால் ஆயுள் கூடுகிறது. 1980, 81-லேயே இரண்டு பெரிய ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன. அளவு ஓரளவு நன்றாக இருப்பவர்கள் கதை வேறு. 2010-ல் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டனில் 239 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன், மீதிப் பேருக்கு அதே குழாயில் வெறும் அறைக்காற்று. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஏழு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் மூச்சு ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் லேசாகியிருந்தது.

அப்படியானால் உதவியது காற்று படுவதாகவே இருக்கலாம். அதற்குக் காசு குறைந்த வழி ஒன்று இருக்கிறதே! கையில் பிடிக்கும் குட்டி ஃபேனை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கின் இரு பக்கமும் மேலுதட்டிலும் காற்று படும்படி வைக்க வேண்டும். அங்கே முகத்தில் ஓடும் உணர்வு நரம்பு குளிர்ந்ததும், மூச்சு போதவில்லை என்று மூளை போடும் கூச்சல் தணிகிறது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் சாமான், வாங்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இன்னொன்று. கறுத்த தோலில் அந்த விரல் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நமக்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கைதான். சந்தேகம் இருந்தால் தமனி ரத்தம் எடுத்துப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெஷின் வாங்குவதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி (நிபோங் திபால்): எங்க அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவங்களுக்கு எப்படி இந்த நுரையீரல் நோய்?

பதில்: எஸ்டேட்டில் இருந்தவரா? விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சமைத்த பெண்களுக்கு இது வரும். பழைய காசநோய்த் தழும்பும் காரணமாகலாம். நுரையீரலை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் இருதயமும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): நடந்தா மூச்சு வாங்குது, அதனால நடக்கவே பயம். ஓய்வு எடுத்தா சரியாகாதா?

பதில்: ஆகாது ஐயா, மோசமாகும். உட்கார்ந்தே இருந்தால் தொடைத்தசை கரையும். கரைந்த தசைக்கு அதே பத்தடி நடக்கவும் அதிக மூச்சு வேண்டும். இந்தச் சுழலை உடைக்கத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது. வழக்கமாக 6 முதல் 8 வாரம். இந்தத் துறையில் இதற்கு இருக்கும் அளவுக்கு உறுதியான சான்று பல மருந்துகளுக்கே இல்லை, ஆனால் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

மூச்சு முட்டும்போது நிமிர்ந்து நிற்காமல் முன்னால் சாய்ந்து, கையை எதன்மேலாவது ஊன்றுங்கள். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி பிடித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக நடப்பதை நான் பார்க்கிறேன். சூடான தேத்தண்ணியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். பதற்றத்தில் வேகவேகமாக உள்ளே இழுத்தால் பழைய காற்று வெளியேறாமல் தேங்கி, நெஞ்சு இன்னும் இறுகும்.

கேள்வி (பிறை): மார்பின் (morphine) என்கிற வலிமருந்து தரலாம்னு டாக்டர் சொன்னார். கடைசிக் கட்டம்னு அர்த்தமா?

பதில்: அப்படி அர்த்தமில்லை. குறைந்த அளவு மார்பின் மூச்சுவாங்கலைக் குறைத்ததாக 2003-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் 2022-ல் ஆஸ்திரேலியாவிலும் 2025-ல் பிரிட்டனிலும் வெளியான பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் ஃபேன், பயிற்சி எல்லாம் பார்த்த பிறகு, பாலியேட்டிவ் டாக்டர் (நோயின் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை தருபவர்) மேற்பார்வையில் யோசிக்க வேண்டியது அது. மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். இன்னொருவர் பாட்டிலிலிருந்து வாங்கிக் குடிக்கவே கூடாது.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிக்குச் சேரச் சொல்றாங்க. எங்களை வெச்சு சோதனை பண்றாங்களோ?

பதில்: சோதனைதான், ஆனால் உங்கள் சம்மதத்தோடு. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம், பாதியில் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. மேலே சொன்ன அறைக்காற்று விஷயம் அப்படிச் சேர்ந்தவர்களால்தான் தெரிந்தது. நம் ஆட்களும் சேர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி (தஞ்சோங் பூங்கா): தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா?

பதில்: சமதரையில் 100 மீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால் இந்த வருஷம் கீழேயே கும்பிடுங்கள். அதைவிட நன்றாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு, கூட்டமில்லாத வேறொரு நாள், விடிகாலையில், கையில் பம்போடு போகலாம். காலைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்த்தாஜாம்): புகைமூட்டம் வந்தா என்ன செய்றது?

பதில்: காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் நடைப்பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பம்ப் தீராமல் பாருங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே சாம்பிராணியும் கொசுவத்தியும் ஏற்றாதீர்கள், அதுவும் புகைதான்.