கையில் கல்லோடு நிற்கும் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பூங்காவுக்குப் போனால் அணில், மைனா என்று எதைக் கண்டாலும் கல்லெடுக்கிறான். அடித்துப் பார்த்தேன், ‘பாவம்’ என்று சொல்லியும் பார்த்தேன். நண்பர்கள் கூடினால் எல்லாம் மறந்துபோகிறது. பறவைகளையும் விலங்குகளையும் மதிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்:

நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளியில் 22 ஆண்டுகளாக அறிவியல் பாடம் எடுக்கிறேன். உண்டிவில்லைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வரும் பையன்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனைக்கூட ‘பாவம்’ என்ற சொல் திருத்தி நான் கண்டதில்லை. பெரியவர்கள் நிற்கும்வரை கை தாழும், முதுகைத் திருப்பியதும் மறுபடி உயரும். அந்தப் பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். அணில் அவர்களுக்கு ஒரு குறி. மாங்காயைப் போல, மின்கம்பத்தைப் போல. அதற்கு ஒரு குடித்தனம் இருப்பது தெரியாது. உங்கள் மகனுக்கும் அப்படித்தான் இருக்கும். அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அந்தக் கோபத்தைத் தன்னைவிடச் சிறியதன் மேல் இறக்குவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

பிரியம் வேறு, மரியாதை வேறு என்பதை நான் என் தவற்றில் கற்றேன். பத்து வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றுச் சுவர்ப் பொந்திலிருந்து இரண்டு மைனாக் குஞ்சுகளை எடுத்து வந்தேன். அவற்றின் மேல் கொள்ளைப் பிரியம். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பஞ்சைத் திரியாக்கிப் பசும்பாலில் தோய்த்து, வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். விடிந்து பார்த்தபோது இரண்டும் விறைத்துக் கிடந்தன. அலகோரத்தில் பால் உலர்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வெளியே கிணற்று மேட்டில் தாய் மைனா கத்திக்கொண்டே இருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை கத்தியது. பறவைக்குப் பால் செரிக்காது, நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால் சொட்டு விடும் நீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அதனால் இதை மட்டும் உங்கள் மகனுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாயும் பூனையும் எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டு விலகிவிடலாம். இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மையல்ல. வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றவே கூடாது. அடிபட்டிருந்தால் காற்றோட்டமான இருட்டுப் பெட்டியில் வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ ஒப்படைக்கலாம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கூந்தன்குளம் இருக்கிறது. அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் கிராமம் பறவைகளைக் காத்து வந்தது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்துக்குள் நிற்கும் மரங்களோடு நின்றுவிடுவதில்லை. தெருவுக்கு வந்து வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கீழே எச்சமும் விழும், பாதி செரித்த மீனும் விழும். அந்த நாற்றத்தோடு வாழ்வது எளிதல்ல. ஆனால் அங்குள்ள பெண்கள் ‘பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளை யாராவது விரட்டுவார்களா?’ என்று கேட்பார்கள். பறவைகள் மிரளும் என்று அங்கே வெடியும் போடுவதில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த லாபக் கணக்கும் மரியாதைக்குள் சேர்ந்ததுதான். அதில் குறைசொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேடந்தாங்கலிலும் அதே கதைதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரியில் சுடக்கூடாது என்று எழுத்தில் வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி கிடையாது. எந்தச் சட்டமும் வந்து அவர்களை மிரட்டவில்லை.

‘தாய்வீடு வந்த மகள்’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பிள்ளைபெற்றவள் இருக்கும் அறைக்குள் நினைத்தபோது நுழைய மாட்டோம். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்துவோம். மார்ச் மாதம் ஏழாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போவேன். உச்சி வெயிலில் ஒரே ஒரு கூட்டைப் பார்க்கச் சொல்வேன். மஞ்சள்மூக்கு நாரை சிறகைப் பந்தல்போல விரித்துக்கொண்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அந்த நிழலுக்குள் பஞ்சுபோன்ற வெண்குஞ்சுகள் கிடக்கும். சூரியன் நகர நகர அதுவும் காலை மாற்றி வைத்து நகரும். சிறிது நேரம் கவனித்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்: ‘சார், அது குடை பிடிக்கிறது!’ அப்போதுதான் கேட்பேன், நாம் கை தட்டி அது எழுந்து பறந்தால் என்ன ஆகும் என்று. வெயில் குஞ்சின் மேல் விழும், காகம் முட்டையைத் தூக்கும் என்று அவர்களே சொல்வார்கள். பிறகு யாரும் கத்துவதில்லை. விதி போட வேண்டிய வேலையே எனக்கு இல்லாமல் போகிறது.

எல்லாருக்கும் கூந்தன்குளம் பக்கத்தில் இல்லை. எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தில் கூகை என்ற ஆந்தை ஒரு ஜோடி தங்கியிருந்தது. இரவில் அது அலறினால் சாவு விழும் என்று சொல்லி, சாக்குருவி என்றே அதற்குப் பெயரும் வைத்து, சில பையன்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் கண்டிக்கவில்லை. கீழே கிடந்த கருப்பு உருண்டைகளைப் பொறுக்கிவரச் சொன்னேன். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். வெந்நீரில் ஊறப்போட்டு, ஊக்கால் பிரித்தோம். ஓர் உருண்டைக்குள் மூன்று மண்டையோடுகள் இருந்தன. முன்பற்கள் மஞ்சளாக, அப்படியே முழுசாக. கற்கண்டு அளவுகூட இல்லாத முதுகெலும்புத் துண்டுகளை ஒரு பையன் வரிசையாக அடுக்கினான். எட்டு உருண்டைகளில் பதினேழு எலிகள். அந்தப் பையனின் அப்பா நெல் பயிரிடுபவர். எலி வளையைத் தோண்டித் தோண்டிச் சலித்தவர். அடுத்த வாரம் அவர் வயலில் நான்கு இடங்களில், குறுக்குக் கட்டை வைத்த கம்புகள் நின்றன, இரவில் கூகை வந்து உட்காருவதற்காக. மகன் சொல்லி அப்பா நட்டது. சாக்குருவி என்ற பேச்சு அந்த வகுப்பில் அதோடு நின்றது.

பெரியவர்களிடம்தான் இன்னும் பாடுபட வேண்டியிருக்கிறது. குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போகிறவர்கள் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவதைப் புண்ணியமாக நினைக்கிறார்கள். அந்தக் குரங்கு காட்டுக்குள் தேடித் தின்பதை விட்டுவிட்டுச் சாலையிலேயே காத்திருக்கிறது. ஒருநாள் வண்டியில் அடிபடுகிறது, அல்லது ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டுக் கெட்ட பெயர் வாங்குகிறது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பவர்களும் அதைப் பிரியம் என்றுதான் சொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அப்படி ஒரு கூண்டு இருந்தால், மகனுக்குப் பாடம் சொல்வதற்கு முன் வனத்துறையிடம் பேசிவிடுங்கள். பிள்ளைகள் நம் வாயைவிட நம் வீட்டைத்தான் பார்க்கிறார்கள்.

இனி உங்கள் மகனுக்கு. அவன் கல்லெடுப்பது அணிலைக் கண்டுதானே, அணிலிலிருந்தே தொடங்குங்கள். காலையில் பூங்காவுக்கு அவனை மட்டும் அழைத்துப் போங்கள், நண்பர்கள் வேண்டாம். அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள். பக்கத்தில் பூனை வந்துவிட்டால் அணில் சும்மா இருக்காது. கிளையில் நின்றபடி, ஒவ்வொரு கத்தலுக்கும் வாலைச் சுண்டிச் சுண்டி, விடாமல் ‘கீச் கீச்’ என்று கத்தும். பூனை ஒளிந்திருக்கும் இடத்தை நமக்குக் காட்டிக்கொடுப்பது போலவே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும், அணில் பார்க்கும் திசையில் பூனை எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். சில நேரம் பூனைக்குப் பதில் பாம்போ வல்லூறோ இருக்கும், அதனால் அவன் கையை விடாமல் எட்ட நின்றே பாருங்கள். முதல் நாளே கிடைத்துவிடாது. கிடைக்கும் நாளில் என்ன கண்டான் என்று எனக்கும் எழுதுங்கள். என் வகுப்பில் சொல்கிறேன்.