எஞ்சினின் வகுப்பும் பயணியின் வகுப்பும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொழும்பில் கணினி நிரலாக்கம் படிக்கிறேன். 'கிளாஸ்' என்பதை விளக்கிய விரிவுரையாளர், புகையிரதத்தின் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளை உதாரணமாகச் சொன்னார். விளையாட்டுகளிலும் பாத்திரங்களுக்கு வகுப்பு உண்டு, அரச சேவையிலும் தரங்கள் உண்டு. இவையெல்லாம் ஒரே விடயந்தானா? 'சிஸ்டம்' என்பது இத்தகைய வகுப்புகளின் தொகுப்பு மட்டுந்தானா?

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

நிரலாக்கத்தில் 'கிளாஸ்', அதாவது வகுப்பு, என்பது ஒரே அமைப்புடைய பல பொருள்களை உருவாக்குவதற்கான வரைவு. அதற்குப் பொருத்தமான உதாரணம் பெட்டிகளில் இல்லை, அவற்றை இழுக்கும் எஞ்சினில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1954 இல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்களை நமது புகையிரதத் திணைக்களம் எம்2 வகுப்பு என்று குறிக்கிறது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவை தனித்தனி எஞ்சின்கள். ஆனாலும் அமைப்பு ஒன்றே என்பதால், ஒன்றைத் திருத்தத் தெரிந்தவருக்கு மற்றதையும் திருத்தத் தெரியும். பின்னர் வந்த எம்2ஏ முதல் எம்2டி வரையானவை அதே அடிப்படையில் சில மாற்றங்களோடு அமைந்தவை. நீங்கள் படிக்கும் 'இன்ஹெரிட்டன்ஸ்', அதாவது ஒரு வகுப்பின் அமைப்பைப் பெற்று இன்னொரு வகுப்பு உருவாவது, இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கண்ணில் படாது. ஒஸ்லோவில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வகுப்பு என்ற கருத்து இடம்பெற்றதும், நடப்புலக இயக்கங்களைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் தேவையிலிருந்துதான்.

பயணியின் வகுப்பு அப்படியல்ல. கோட்டை நிலையத்தில் இன்று மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு வாங்குபவர் நாளை முதலாம் வகுப்பில் போனாலும் அதே ஆள்தான். உங்கள் பாடத்தின் மொழியில் அது அவருடைய ஒரு பண்பின் மதிப்பு, அவ்வளவே. 1963 இல் சிவில் சேவையின் இடத்துக்கு வந்த நிருவாக சேவையில் மூன்றாம் தரத்தில் சேரும் உத்தியோகத்தர் பதவி உயர்வு பெறுவதும் இவ்வாறே. விளையாட்டுகள் எஞ்சின் பக்கமே சேரும்: 1974 இல் வெளியான, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் போர்வீரனா, மந்திரவாதியா, மதகுருவா என்ற தெரிவே, அந்தப் பாத்திரத்தால் எதைச் செய்ய முடியும் என்பதை வரையறுத்தது.

உங்கள் இரண்டாவது கேள்வியே முக்கியமானது. தொகுப்பு மட்டுமே சிஸ்டமாகிவிடாது. எது எதனோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதும் சேர்ந்ததே சிஸ்டம். இதற்கு நம் நாட்டின் அரசியல் வரலாற்றில் ஒரு வலிமிக்க சான்று இருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில் 1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் யாப்பின்படி, சட்டமன்றமான அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்யும் தலைவரே அமைச்சரானார். அதிகாரம் எல்லாரிடமும் பரவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1931 தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்திருந்தும், அந்த ஏழு பேரில் பெரி சுந்தரம் என்ற தமிழரும் மாக்கான் மாக்கார் என்ற முஸ்லிமும் இருந்தார்கள். 1936 இல் விதி அதேதான்; வடக்கின் உறுப்பினர்களும் இம்முறை சபையில் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாக இருக்குமாறு இடங்கள் பகிரப்பட்டதால், ஏழு குழுக்களும் சிங்களவரையே தலைவராகத் தெரிவுசெய்தன. தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட அமைச்சராகவில்லை. விதி மாறவில்லை; உறுப்பினர்கள் குழுக்களில் பிணைக்கப்பட்ட விதமே விளைவை மாற்றியது.