புதினும் ரஷ்யர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உக்ரைன் போர் பற்றி நண்பர்களோடு ஓயாத விவாதம். நேட்டோ இராணுவக் கூட்டணி வாசல்வரை வந்துவிட்டால் ரஷ்யா என்னதான் செய்யும்? அமெரிக்காவை எதிர்த்து நிற்கும் ஒரே தலைவர் புதின்தான் என்கிறேன். அவருடைய மக்களே 80 சதவீதம் ஆதரிக்கும்போது குறை சொல்ல நாம் யார்?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

நேட்டோவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரஷ்யாவோடு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் எல்லை கொண்ட ஃபின்லாந்து 2023 ஏப்ரலில் அதில் சேர்ந்தது. மாஸ்கோ முணுமுணுத்தது, படை அனுப்பவில்லை. போதும்.

உங்கள் 80 சதவீதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சில நாட்களாக நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 2011 டிசம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து மாஸ்கோவின் பலோத்னயா சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 2014 தொடக்கத்தில், மாஸ்கோவில் இயங்கும் லெவாடா மையத்தின் கருத்துக்கணிப்பில் புதினுக்கு ஆதரவு 65 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மார்ச்சில் உக்ரைனின் கிரீமியாவை ரஷ்யாவோடு இணைத்தார், 80ஐத் தொட்டது. 2018 ஜூன் 14, உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கிய அதே நாளில், ஓய்வு வயதை உயர்த்தும் திட்டம் வெளிவந்தது. ஆண்களுக்கு 60இலிருந்து 65. ஆதரவு பழைய இடத்துக்கே சரிந்தது. கிரீமியாவை வைத்து யார் வீட்டிலும் உலை கொதிக்கவில்லை.

என் பெரியப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை என்சிபிஹெச்சில் வாங்கிவந்து எங்களுக்குப் படித்துக்காட்டுவார். ரஷ்யர் என்றால் அவருக்கு ரயில்வே தொழிலாளி, கிராமத்து ஆசிரியை, மகனைப் போரில் இழந்த கிழவி. உங்களுக்கும் அந்தப் பிரியம்தான் வந்திருக்கிறது, தெரிகிறது. அதைக் கொண்டுபோய் கிரெம்ளினில் அடகு வைத்துவிட்டீர்களே என்றுதான் கோபம் வருகிறது. உங்கள் கடிதத்தில் ஒரு ரஷ்யர்கூட இல்லை, ஒரு சதவீதம்தான் இருக்கிறது.

பிஸ்கோவ் என்றொரு நகரம். 76ஆவது வான்குடைப் படைப்பிரிவின் ஊர். 2014 ஆகஸ்ட் 18 அன்று அந்தப் பிரிவுக்குப் புதின் சுவோரவ் விருது வழங்கினார். அதே மாதம் அருகிலுள்ள விபுத்தி மயானத்தில் அந்தப் பிரிவு வீரர்களின் புதுக் கல்லறைகள். உக்ரைனில் எங்கள் படையே இல்லை என்று அரசு சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. பார்க்கப்போன செய்தியாளர்கள் தாக்கப்பட்டார்கள். கல்லறைகளிலிருந்து பெயர்ப்பலகைகள் காணாமல்போயின. இதைப் பற்றிப் பேசிய உள்ளூர் அரசியல்வாதி லெவ் ஷ்லோஸ்பெர்க்கை அடித்துப்போட்டார்கள். 2015 மேயில், அமைதிக்காலச் 'சிறப்பு நடவடிக்கை'களில் இறக்கும் வீரர்களின் எண்ணிக்கை அரசு ரகசியம் என்று ஆணை வந்தது. 2022இல் போரின் பெயரே 'சிறப்பு இராணுவ நடவடிக்கை'. இராணுவத்தைப் பற்றிப் 'பொய்' சொன்னால் 15 ஆண்டுவரை சிறை.

எல்லைக்கு வெளியே நடக்கும் போர் உள்ளூரில் செய்யும் வேலை இது. ஆதரவு கூடுவது கொஞ்ச காலம். அதற்குள் சட்டம் மாறிவிடுகிறது. மகன் எங்கே செத்தான் என்று கேட்கும் தாய் துரோகியாகிவிடுகிறாள். அந்தச் சட்டம் தலைக்குமேல் இருக்கும்போது, முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று 'ஆதரிக்கிறீர்களா?' என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? கணிப்பு எடுக்கும் லெவாடாவையே 2016இல் 'அந்நிய ஏஜெண்ட்' ஆக்கியது அரசு.

குறை சொல்ல நாம் யார் என்கிறீர்கள். 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைப் படைக்குத் திரட்ட ஆணை வந்தபோது, தாகெஸ்தானின் மக்கச்கலாவில் பெண்கள் தெருவில் இறங்கிப் போலீசை எதிர்த்து நின்றார்கள். அவர்களும் ரஷ்யக் குடிமக்கள்தான். அடுத்த விவாதத்தில் அவர்கள் பக்கம் நின்று பேசிப்பாருங்கள். பிறகு எழுதுங்கள்.