சீர் வாங்கினால் வங்கிக்காரர் வருவாரா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். லேத் பட்டறையில் வேலை. கொரோனா நேரத்தில் ஏறிய கிரெடிட் கார்டு பாக்கியும் பர்சனல் லோனும் கழுத்தை நெரித்தன. வங்கியில் பேசி, வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, மீதியை மாதம் 8,500 ரூபாயாக 24 தவணையில் கட்ட செட்டில்மென்ட் ஆனது. பத்து தவணை கட்டிவிட்டேன். தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. காசிமேட்டு மச்சான் ஒன்றரைப் பவுன் செயினும் 60,000 ரூபாயும் சீராகத் தருகிறேன் என்கிறார். கத்தாரில் இருக்கும் தம்பி ஃப்ரிட்ஜ் வாங்கித் தருகிறானாம். வங்கிக்குத் தெரிந்தால் செட்டில்மென்ட் ரத்தாகுமா? எல்லாவற்றையும் அம்மா பேரில் வாங்கிக்கொள் என்கிறார் நண்பர்.

பதில்: தம்பி, மாமன் மருமகள் கழுத்தில் போடும் செயின் அந்தப் பிள்ளையுடையது. உங்கள் கடனுக்காக அதில் யாரும் கை வைக்க முடியாது. மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த நகையும் அப்படித்தான். லோன் பேப்பரில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

அடமானம் இல்லாத கடனுக்கு வங்கிக்காரர் வீட்டுக்குள் வந்து எதையும் தூக்கிப்போக முடியாது. வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அப்புறம்தான் ஜப்தி. அதிலும் தாலி, உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் இவற்றைத் தொடக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஃப்ரிட்ஜ் அந்தப் பட்டியலில் இல்லை. 1908-இல் எழுதிய சட்டம், பாவம், அதற்கு ஃப்ரிட்ஜ் எங்கே தெரியும்! ஆனால் தவணை ஒழுங்காகப் போகும்வரை ஜப்திப் பேச்சுக்கே இடமில்லை.

நண்பர் சொன்ன யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா பேரில் போன பொருள் அம்மாவுடையது. நாளை உங்கள் உடன்பிறந்தவர்கள் பங்கு கேட்டால் என்ன சொல்வீர்கள்? தவிர, ஒளிக்க வேண்டிய விஷயமே இல்லாத இடத்தில் ஒளித்தால் சந்தேகம்தான் வரும். செட்டில்மென்ட் லெட்டரை எடுத்து நிதானமாகப் படியுங்கள். வருமானமோ சொத்தோ கூடினால் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் மச்சான் செய்யும் சீரை நீங்களாகப் போய் மேனேஜரிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த லெட்டரில் நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய வரி வேறு: தவணை தவறினால் சலுகை ரத்து, பழைய பாக்கி முழுவதும் திரும்ப வரும் என்பது. பெரும்பாலான லெட்டர்களில் அது இருக்கும்.

அதனால் 60,000 ரூபாயில் மூன்று தவணைக்கான 25,500 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். பட்டறை பத்து நாள் மூடினாலும் தவணை நிற்காது. இன்னும் 14 தவணை, 1,19,000 ரூபாய் பாக்கி. மொத்தமாகக் கட்டினால் ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் எழுத்தில் வாங்குங்கள். வசூலுக்கு வரும் பையன் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பணத்தை அதே வங்கிக் கணக்கில் போடாதீர்கள். பாக்கிக்காகக் கணக்கிலிருக்கும் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. நகைக்கும் இது பொருந்தும். கை சுருங்கினால் செயினை அங்கேயே வைத்து நகைக்கடன் வாங்கத் தோன்றும், வேண்டாம். நகைக்கடனை அடைத்த பிறகும், வேறு பாக்கியைக் காட்டி நகையைத் தராமல் வைத்துக்கொண்ட சங்கதிகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சௌகார்பேட்டை அடகுக்கடைக்கும் போக வேண்டாம். பிள்ளை நகையை வைத்துத் தவணை கட்டினால் அது ஒரு கடனை இரண்டாக்குவதுதான்.

வருமான வரிக் கவலை வேண்டாம். மச்சானும் தம்பியும் சட்டம் சொல்லும் உறவினர்கள். அவர்கள் தரும் பரிசுக்கு வரி இல்லை. நண்பர்கள் தருவது ஒரு வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

எனக்குக் கவலை வங்கி இல்லை, உங்கள் வீட்டு மொய் நோட்டு. மச்சான் பையனுக்கு நாளைக்கு ஒரு விசேஷம் வந்தால் ஒன்றரைப் பவுன் செய்த கைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? தாய்மாமன் சீர் திரும்பி வரவேண்டியதில்லை என்று வாயால் சொல்வார்கள். மனசில் கணக்கு ஓடும், நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் ஓடும். மொய் அதைவிடத் தெளிவு: 500 எழுதியவருக்கு 500-க்குக் குறையாமல் திரும்ப எழுதியாக வேண்டும். வட்டி இல்லாத கடன், தேதி மட்டும் நம் கையில் இல்லை. இருநூறு பேர் மொய் எழுதினால், செட்டில்மென்ட் முடியும் முன்பே அவர்களில் பலர் பத்திரிகையோடு வாசலில் நிற்பார்கள்.

அதனால் மச்சானை உட்காரவைத்து நேராகப் பேசுங்கள். உங்கள் மனைவி பேசினால் இன்னும் நல்லது, அண்ணனிடம் அவருக்குக் கூச்சம் இருக்காது. "செயினைப் போடுங்க, பணத்தைத் திருப்பித் தரணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டுவிடுங்கள். திருப்பி வேண்டும் என்றால் அது கைமாற்று, வாங்காதீர்கள். வேண்டாம் என்றால் வேறு வங்கியில் இருக்கும் உங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள், பதிவு இருக்கும். தம்பியிடம் ஃப்ரிட்ஜுக்குப் பதில் அந்தப் பணத்தில் நான்கு தவணை கட்டலாமா என்று கேளுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடவில்லை என்றால் ஃப்ரிட்ஜே வாங்கட்டும்.

மண்டபம் வேண்டாம். திருவொற்றியூர் கோயிலில் காது குத்தி, வீட்டில் ஐம்பது பேருக்குப் பிரியாணி போடுங்கள். பத்திரிகையில் "மொய் தவிர்க்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். அதையும் மீறிக் கவரை நீட்டுகிறவர்கள் இருப்பார்கள். வாங்கி, பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.